சிவப்புப் புள்ளியை நம்பலாமா?

கேள்வி: லைகோ ஈர்ப்பலை ஆய்வகத்தில் கண்ணாடிகளின் வெப்பக் கோளாற்றைச் சரிசெய்ய கார்பன் டை ஆக்சைடு லேசரால் சூடேற்றுகிறார்களாம். கண்ணுக்குத் தெரியாத அந்தக் கற்றையை நடுமையத்தில் விழவைப்பது எப்படி? கூடவே ஒரு சிவப்பு லேசரை அனுப்பிப் பார்த்தால் போதாதா?

பதில்: பாதி வேலைக்குப் போதும். முதலில் ஒன்று: அந்தச் சூடு 40 கிலோ எடையுள்ள பிரதானக் கண்ணாடியின் மேல் நேரடியாக விழுவதில்லை. சூடேற்றும் லேசரின் சக்தி கொஞ்சம் ஏறி இறங்கினாலும் கண்ணாடி அசைந்துவிடும் என்பதால், அதன் பின்னால் தனியே தொங்கும் ஈடுகட்டும் தட்டில்தான் பாய்ச்சுகிறார்கள். 10.6 மைக்ரான் அலைநீள ஒளியைத் தட்டின் உருகு சிலிக்கா மேற்பரப்பிலேயே விழுங்கிவிடுகிறது. 10 செ.மீ. கனமுள்ள தட்டின் நடுப்பகுதி விளிம்பைவிட 1 டிகிரி கூடுதலாகச் சூடானால், ஒளிப்பாதை ஏறத்தாழ 1 மைக்ரான் நீளும். தட்டு ஒரு லென்ஸ் ஆகிவிட்டது என்று பொருள். இந்த லென்ஸ் மையம் தப்பினால் முப்பட்டகம் போலவும் நடந்துகொண்டு பிரதானக் கற்றையைத் திருப்பிவிடும்.

மேசையில் சிவப்புக் கற்றையை இரண்டு ஐரிஸ்கள் (துளையைச் சுருக்கி விரிக்கக்கூடிய தடுப்புகள்) வழியே செலுத்துங்கள். லேசருக்கு அருகிலுள்ள திருப்புக் கண்ணாடியால் முதல் ஐரிஸின் நடுவிலும், அடுத்த கண்ணாடியால் தொலைவிலுள்ள ஐரிஸின் நடுவிலும் கற்றை விழும்படி மாறிமாறிச் சரிசெய்யவேண்டும். பிறகு குறைந்த சக்தியில் சூட்டுக் கற்றையைத் திறந்து, வெப்பத்தால் நிறம் மாறும் தாளில் இரண்டும் ஒன்றுசேர்கின்றனவா என்று பாருங்கள். (10.6 மைக்ரானுக்கான பாதுகாப்பு மூக்குக்கண்ணாடி இல்லாமல் கிட்டே போகவேண்டாம்.)

சிக்கல் இதற்குப் பிறகுதான். வெற்றிடக் கலனின் ஜன்னலும் லென்ஸ்களும் துத்தநாக செலினைடு. அதன் ஒளிவிலகல் எண் சிவப்புக்கு 2.59, சூட்டுக் கற்றைக்கு 2.40. லென்ஸின் நடுவை விட்டு ஒதுங்கி நுழைந்தால் இரண்டும் வெவ்வேறு அளவு வளைந்து பிரியும். மேசையில் ஒட்டியிருந்தவை தட்டை அடையும்போது விலகியிருக்கும். ஜெர்மானியம் லென்ஸ் இருந்தாலோ சிவப்பு ஒளி உள்ளேயே போகாது.

ஆகவே கடைசித் தீர்ப்பு, ஒளி அலையின் முகப்பு (அலைமுகம்) எப்படி வளைந்திருக்கிறது என்று அளக்கும் ஹார்ட்மன் உணரியுடையது. தட்டு நன்றாக ஆறியபின் ஒரு ஆதாரப் படம் எடுத்து, சூட்டுக் கற்றையைத் திறந்து, முதல் இரண்டு நிமிடங்களுக்குள் அலைமுக மாற்றத்தின் மையத்தைக் கணக்கிடுங்கள். தாமதித்தால் வெப்பம் பக்கவாட்டில் பரவி மையம் மங்கிவிடும். அந்த மையத்துக்கும் பிரதானக் கற்றையின் மையத்துக்கும் உள்ள இடைவெளிதான் உங்கள் பிழை. திருப்புக் கண்ணாடியைத் தெரிந்த அளவு நகர்த்தி, தட்டிலுள்ள வெப்ப லென்ஸ் எத்தனை மி.மீ., எந்தப் பக்கம் போகிறது என்று அளந்துகொண்டபின் திருத்துங்கள். உணரிக்கு ஒளியைக் கொண்டுவரும் தொலைநோக்கி படத்தைத் தலைகீழாக்கும் என்பதை மறந்து எதிர்ப்பக்கம் திருகுவது அடிக்கடி நடப்பது. ஒவ்வொரு முயற்சிக்கும் முன் தட்டு ஆறவேண்டும். பழைய சூட்டின் மிச்சம் புதிய மையத்தை இழுத்துவிடும்.

கேள்வி: மையம் சரி. ஆனால் வெப்ப லென்ஸ் வட்டமாக இல்லை, ஒரு பக்கம் வெட்டியதுபோல் இருக்கிறது. ஏன்?

பதில்: கற்றை எங்கோ விளிம்பில் உரசுகிறது. ஜன்னல் சட்டத்தையும், திறக்க மறந்துவிட்ட ஐரிஸையும் வெப்பக் கேமராவால் பாருங்கள். உரசும் இடம் சூடாகத் தெரியும். அதை நீக்கியபின் மையத்தை மறுபடி அளக்கவேண்டும். வெட்டுப்பட்ட கற்றையில் கிடைத்த மையம் உண்மையான மையம் அல்ல.