சப்ளை ஓடும்போதே கார்டைச் சொருகலாமா?

கேள்வி (காரைக்குடி வாசகர்): 48 வோல்ட் பேட்டரியில் ஓடும் டெலிகாம் ரேக்கில், நாங்களே செய்த மாற்று கார்டைச் சொருகினால் டப்பென்று பொறி பறக்கிறது, பக்கத்துக் கார்டும் ரீசெட் ஆகிவிடுகிறது. ஃபியூஸ் மட்டும் போவதே இல்லை. சப்ளையை நிறுத்த முடியாது. ஒரு தெர்மிஸ்டர் (சூடானால் தடை குறைகிற ரெசிஸ்டர்) போட்டால் போதும் என்கிறார் நண்பர். சரியா?

பதில்: பாதிதான் சரி. உங்கள் கார்டின் வாசலில் இருக்கிற, சார்ஜைச் சேமித்து வைக்கும் கெப்பாசிட்டர்தான் குற்றவாளி. காலியான கெப்பாசிட்டர் முதல் கணத்தில் ஷார்ட்டுக்குச் சமம். உங்கள் ஊர்க் கல்யாணத்தில் இரண்டாங்கட்டுக் கதவைத் திறந்ததும் மொத்தக் கூட்டமும் பந்திக்குப் பாயுமே, அதே கதைதான். 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், வழியில் ஒயர், கனெக்டர் எல்லாம் சேர்த்து 0.2 ஓம் என்று வைத்துக்கொண்டால் கணக்குக்கு 240 ஆம்பியர் வருகிறது. ஒயரின் இண்டக்டன்ஸ் (கரண்ட் சட்டென்று மாறுவதை எதிர்க்கும் குணம்) அதைக் கொஞ்சம் அடக்கும், ஆனாலும் அந்த இழுப்பில் ரேக் வோல்டேஜ் சரிந்து பக்கத்துக் கார்டு தடுமாறுகிறது. எல்லாம் ஒரு மில்லி செகண்டுக்குள் முடிந்துவிடுவதால் ஃபியூஸுக்குச் சூடேற நேரமில்லை. கனெக்டர் பின்னைப் பாருங்கள், கறுத்துக் குழி விழுந்திருக்கும்.

தெர்மிஸ்டர் குளிர்ந்திருக்கும்போதுதான் தடுக்கும். கார்டைக் கழற்றி உடனே திரும்பச் சொருகினீர்கள் என்றால் அது இன்னும் சூடாகவே இருக்கும், காவல்காரன் தூங்குகிற மாதிரி.

ஹாட் ஸ்வாப் (சப்ளை ஓடும்போதே சொருகுவது) கண்ட்ரோலர் ஐசியும், கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச் மாதிரி ஒரு மாஸ்ஃபெட்டும் போடுங்கள். அந்த மாஸ்ஃபெட்டைத் திறக்கும் கேட் பின்னின் வோல்டேஜை மெதுவாக ஏற்றி, 50 மில்லி செகண்ட் எடுத்து சார்ஜ் செய்தால் கரண்ட் ஏறக்குறைய 1 ஆம்பியர்தான். ஆனால் இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள் (நானும் இரண்டு மாஸ்ஃபெட்டைக் கருக்கியவன்தான்): கெப்பாசிட்டரில் சேரும் 1.15 ஜூல் அளவுக்கு மாஸ்ஃபெட்டும் சூடாக வாங்கிக்கொள்ளும், அதுவும் ஆரம்பத்தில் 48 வாட். அதனால் ஆன் ரெசிஸ்டன்ஸ் குறைவு என்று மட்டும் பார்த்து வாங்காதீர்கள், டேட்டாஷீட்டில் சேஃப் ஆபரேட்டிங் ஏரியா (எவ்வளவு வோல்ட், ஆம்பியரை எவ்வளவு நேரம் தாங்கும் என்று காட்டும்) வரைபடத்தில் 48 வோல்ட், 1 ஆம்பியர், 50 மில்லி செகண்டைத் தாங்குமா என்று பாருங்கள். சார்ஜ் முடியும்வரை உள்ளே இருக்கும் டிசி டிசி கன்வெர்ட்டர் ஓடவே கூடாது. டெலிகாம் ரேக்கில் பெரும்பாலும் ப்ளஸ்தான் எர்த், அப்படியானால் மாஸ்ஃபெட் மைனஸ் லைனில் வரணும். ரேக் பக்கம் ஒரு டிவிஎஸ் டயோடும் வையுங்கள், கரண்ட் திடீரென்று நிற்கும்போது ஒயர் கிளப்பும் உயர் வோல்டேஜை அது வாங்கிக்கொள்ளும்.

கேள்வி (பள்ளத்தூர் வாசகர்): பென் டிரைவை மட்டும் ஓடுகிற கம்ப்யூட்டரில் எப்படிச் சொருக முடிகிறது?

பதில்: அதன் பிளக்கை உற்றுப் பாருங்கள். ஓரத்தில் இருக்கும் இரண்டு சப்ளை பின்களும் நடுவில் இருக்கும் டேட்டா பின்களைவிட நீளம், அதனால் அவைதான் முதலில் தொடும். அப்புறம், யுஎஸ்பி 2.0 விதிப்படி சப்ளையில் நேரடியாக 10 மைக்ரோஃபாரட்டுக்கு மேல் கெப்பாசிட்டர் தொங்கக் கூடாது. காரைக்குடிக்காரர் கார்டில் இருப்பது அதைப் போல நூறு மடங்கு.