மணி அடிக்க வேண்டாம் என்று ஏன் சொன்னீர்கள்?

கேள்வி: கோவை சிங்காநல்லூரில் 38 வீடுகள் கொண்ட அடுக்ககத்தில் வசிக்கிறேன். மூன்று ஆண்டுகளாக யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும் குப்பையில்லா வாழ்க்கையைப் பற்றியும் அக்கம்பக்கத்தார் கூடிச் செய்யும் வேலைகளைப் பற்றியும் வீடியோ போட்டு வருகிறேன். 42,000 பேர் தொடர்கிறார்கள். ஆனால் எங்கள் அடுக்ககத்தில் ஆறு வீடுகளைத் தவிர யாரும் குப்பையைப் பிரித்துக் கொடுப்பதில்லை. கேட்டால், “கீழே போனதும் எல்லாவற்றையும் ஒன்றாகத்தானே கொட்டுகிறார்கள்?” என்கிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் என் வீடியோவைப் போட்டால் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். வீட்டிலும் ஒத்துழைப்பு இல்லை. எங்கள் சமையலறையில் காலை ஒன்பதரை மணிக்குத்தான் நல்ல வெளிச்சம் வரும். அந்த நேரம் பார்த்துக் குப்பை எடுக்கும் அம்மா பெல் அடிப்பார். அத்தை போய்க் கதவைத் திறந்து பேச ஆரம்பித்துவிடுவார். பதிவு முழுக்க அந்தச் சத்தம்தான் இருக்கும். இப்போது பெல் அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பையை வெளியே வைத்துவிடுகிறேன். எப்படிப் பேசினால் மக்கள் மாறுவார்கள்? வீடியோவை வேறு விதமாக எடுக்க வேண்டுமா?
– ஒரு வாசகி, கோவை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

எப்படிப் பேசினால் மக்கள் மாறுவார்கள் என்று கேட்டு எனக்கு வரும் கடிதங்களுக்குக் குறைவில்லை. மாடித்தோட்டம் போடுகிறவர்கள், துணிப்பை தைக்கிறவர்கள், ஏரிக்கரையில் பனை விதை ஊன்றுகிறவர்கள் எல்லோரும் இதையேதான் கேட்கிறார்கள். ஆறுதல் சொல்ல உங்களுக்கு 42,000 பேர் இருக்கிறார்கள். அந்த வேலையை அவர்களிடமே விட்டுவிடுகிறேன். நீங்கள் கேட்ட கேள்வியையும் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்கிறேன். பெல் அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள்.

ஏதோ ஒரு தொந்தரவு தீர்ந்தது போல அதை எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த இடத்தில்தான் மனம் நின்றுவிட்டது. உங்கள் 38 வீட்டுக் குப்பையையும் தினமும் கையால் தொடுகிற ஒரு பெண் உங்கள் வாசலுக்கு வந்து மணி அடித்தார். வீட்டில் மூத்தவர் எழுந்து போய்க் கதவைத் திறந்து அவரோடு நின்று பேசினார். அந்தக் கட்டடத்தில் குப்பையைப் பற்றி யாராவது யாரிடமாவது முகம் பார்த்துப் பேசியிருப்பார்கள் என்றால், அது அந்த வாசலில்தான் நடந்திருக்கும். அதை நீங்கள் நிறுத்தினீர்கள். கூடி வாழ்வதைப் பற்றி ஊருக்குச் சொல்லும் நான்கு நிமிடப் பதிவு சுத்தமாக வர வேண்டும் என்பதற்காக நிறுத்தினீர்கள்.

இதனால் நீங்கள் இழந்தது என்னவென்று உங்களுக்குத் தெரியவில்லை, அதனால் சொல்கிறேன். கீழே போனதும் ஒன்றாகத்தானே கொட்டுகிறார்கள் என்று உங்கள் அண்டை வீட்டார் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அதைச் சோம்பேறித்தனத்துக்கு ஒரு சாக்கு என்று நீங்கள் முடிவுகட்டிவிட்டது கடிதத்தின் தொனியிலேயே தெரிகிறது. அது உண்மையா பொய்யா என்று எப்போதாவது விசாரித்தீர்களா? அதற்கு விடை தெரிந்தவர் அந்தக் கட்டடத்தில் ஒரே ஒருவர்தான், அவரைத்தான் மணி அடிக்காமல் போகச் சொன்னீர்கள். கீழே ஒரே ஒரு பீப்பாய்தான் இருந்து, பிரித்துக் கொடுத்த ஆறு வீட்டுக் குப்பையும் அதிலேயே போய்ச் சேருகிறது என்றால், உங்கள் அண்டை வீட்டார் சொல்வதில் நியாயம் இருக்கிறது, தவறு உங்கள் சங்கத்தின் மேல்தான் இருக்கிறது. அப்படி இல்லை, அவர் தனித்தனியாகத்தான் எடுத்துப் போகிறார் என்றால், அவரே நான்கு பேர் முன்னால் நின்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தக் கேள்வி அதோடு முடிந்துவிடும். இரண்டில் எது என்று தெரியாமலேயே மூன்று ஆண்டுகள் பேசியிருக்கிறீர்கள்.

நான் குடியிருக்கும் இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு நாள் காலை மின்தூக்கி வேலை செய்யாததால் படியில் இறங்கிக்கொண்டிருந்தேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில் எங்கள் தூய்மைப் பணியாளர் ஒரு வீட்டுப் பையைப் படியில் வைத்துப் பிரித்துக்கொண்டிருந்தார். கறிவேப்பிலைக் காம்பும் வெங்காயத் தோலும் காப்பித்தூள் சக்கையும் கலந்து கிடந்ததற்குள்ளிருந்து உடைந்த பல்பின் சில்லுகளை இரண்டு விரலால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு காகிதத்தில் வைத்தார். அதற்கு அடியில், மாவு வாங்கிய கவரில் திணித்த குழந்தையின் டயப்பர் ஒன்று இருந்தது. கையுறை இடுப்பில் செருகியிருந்தது. ஏன் போட்டுக்கொள்ளவில்லை என்று கொஞ்சம் அதட்டலாகவே கேட்டுவிட்டேன். “இது ஆம்பளை சைசும்மா. போட்டா வழுக்குது, கண்ணாடி இருக்கிறது கைக்குத் தெரிய மாட்டேங்குது” என்றார். குப்பையைப் பற்றி நான் எத்தனையோ படித்திருக்கிறேன், எத்தனையோ எழுதியிருக்கிறேன். அந்த ஒரு விஷயம் அந்தப் படிக்கட்டில் நிற்கும் வரை எனக்குத் தெரியாது. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், மட்கும் குப்பை, மட்காத குப்பை, வீட்டில் சேரும் அபாயக் கழிவு என்று மூன்றாகப் பிரிப்பதும், டயப்பர், நாப்கின் போன்றவற்றைத் தனியாகச் சுற்றிக் கொடுப்பதும் வீட்டுக்காரரின் கடமை என்று அப்போதே சொல்லிவிட்டன. பணியாளர்களுக்குச் சீருடை, கையுறை, முகக்கவசம், காலணி கிடைக்கச் செய்ய வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருந்தது. அந்தக் கையுறை அவர் கைக்குப் பொருந்துகிறதா என்று, வாசலில் நின்று கேட்கிறவர்தான் தெரிந்துகொள்ள முடியும்.

இனி உங்கள் மாமியாரைப் பற்றி. ஒத்துழைப்பு இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஒன்பதரை மணிக்கு வாசலில் பேசினார் என்பதைத் தவிர அவர்மேல் ஒரு குற்றத்தையும் உங்கள் கடிதத்தில் நான் காணவில்லை. எண்ணெய்க்கும் தேநீருக்கும் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போன தலைமுறை அது. தேங்காய் நாரால் பாத்திரம் துலக்கி, பழைய சேலையைக் கால்மிதியாக்கி, சாணமும் சருகும் எருக்குழியில் மட்குவதைத் தினமும் பார்த்து வளர்ந்தவர்கள். ஒரு முறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்கை 2019 ஜனவரி முதல் தடை செய்த அரசு, 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று இயக்கம் தொடங்கியபோது, அந்த ‘மீண்டும்’ என்ற சொல்லுக்குப் பொருள் சொல்லக்கூடியவர்கள் இந்தப் பெண்கள்தான். அந்தக் காலத்தில் எல்லாம் பொன்னாக இருந்தது என்று நான் சொல்லவில்லை. பாதிப் பழக்கம் வசதியில்லாததால் வந்தது, அந்த வேலை முழுவதும் பெண்கள் தலையில்தான் விழுந்தது. ஆனாலும் வீட்டில் ஒரு பெரியவர் வாயைத் திறந்தால் அது இரைச்சல் என்று மருமகள் நினைப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. பெரியவர்களுக்குச் சோறு போடுவதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. அவர்கள் பேசுவதற்கு வீட்டில் இடம் இருக்க வேண்டும், வாசலில் அவர்களுக்கு வந்து சேரும் உறவை நாம் அறுக்கக் கூடாது. நாள் முழுவதும் நான்கு சுவருக்குள் இருக்கிற வயதான பெண்ணுக்கு அந்தப் பேச்சு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை, வெளியே 42,000 பேரோடு பேசுகிற நீங்கள் யோசித்திருக்க வேண்டும்.

உங்கள் கணவரைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அந்த வீட்டுக் குப்பை அவருடையதும்தான். அவருக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன், பிறகு சொல்கிறேன்.

கைப்பேசியால் பயனே இல்லை என்று சொல்லும் கட்சி அல்ல நான். உங்கள் ஊரிலேயே, 2017-இல் பேரூர்ப் பெரியகுளத்தில் வேலையைத் தொடங்கிய கோவைக் குளங்கள் பாதுகாப்பு அமைப்பினர், சமூக ஊடகங்களில் அழைப்பு விடுத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் குளக்கரையில் கூடிப் பிளாஸ்டிக்கைப் பொறுக்கவும் வாய்க்காலைச் சுத்தம் செய்யவும் செய்கிறார்கள். எந்தக் கரைக்கு, எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று சொல்லும் வேலை கைப்பேசியுடையது. வந்தவரின் கையில் கோணிப்பையைக் கொடுத்துப் பக்கத்தில் நின்று வேலை செய்ய ஒரு மனிதர் அங்கே வேண்டும். உங்கள் வீடியோவைப் பார்த்து முடித்தவர் எங்கே வர வேண்டும், யாரிடம் போய் நிற்க வேண்டும்? அதற்கு உங்களிடம் பதில் இல்லாததால்தான் கட்டைவிரலோடு நின்றுவிடுகிறார்கள்.

நெல் ஜெயராமன் 2006 முதல் திருவாரூர் மாவட்டம் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தினார். பாரம்பரிய நெல் ரகங்களின் அருமையைப் பேசிவிட்டு மட்டும் அவர் விவசாயிகளை அனுப்பிவிடவில்லை. இரண்டு கிலோ விதையைக் கையில் கொடுத்து, அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்று நிபந்தனை வைத்தார். வாங்கிப்போனவருக்கு அதனால் ஒரு கடன் ஏற்பட்டது. அந்தக் கடனுக்காகவே விதைத்தாக வேண்டும், விளைவித்தாக வேண்டும், மறு ஆண்டு அதே இடத்துக்கு வந்து அவர் முகத்தைப் பார்த்தாக வேண்டும். நூற்று எழுபதுக்கு அருகில் ரகங்கள் மீண்டது அப்படித்தான். உங்கள் பார்வையாளர் யாரும் உங்களுக்கு எதுவும் கடன்படவில்லை, நீங்களும் யாரிடமும் எதையும் திருப்பிக் கேட்கவில்லை.

ஆகவே நாளை முதல் ஒரு மாதத்துக்கு ஒன்பதரை மணிக்கு எதையும் பதிவு செய்யாதீர்கள். வெளிச்சம் போனால் போகட்டும். நீங்களே கீழே இறங்கிப் போய், மணி அடிக்க வேண்டாம் என்று சொன்னது தவறு என்று அந்த அம்மாவிடம் சொல்லுங்கள். அத்தையிடமும் அதே வார்த்தையைச் சொல்லுங்கள். கதவை அவர் திறக்கட்டும், நீங்கள் பக்கத்தில் நின்று கேளுங்கள். கைப்பேசி உள்ளேயே இருக்கட்டும். முதல் சில நாள் அவர்கள் குப்பையைப் பற்றிப் பேசாமல் மூட்டு வலியைப் பற்றியும் பேரன் பள்ளிக்கூடத்தைப் பற்றியும்தான் பேசுவார்கள். பொறுமையாக இருங்கள். அதன்பிறகு, பிரித்துக் கொடுக்கும் ஆறு வீட்டுக் குப்பை கீழே எங்கே போகிறது, பையில் வருவதில் எது அவர் கையைக் கிழிக்கிறது, கை கழுவ அவருக்குக் கீழே குழாயும் சோப்பும் இருக்கிறதா என்பதையெல்லாம் கேளுங்கள்.

அவர் சொன்னதை எடுத்துக்கொண்டு உங்கள் கணவர் சங்கக் கூட்டத்துக்குப் போகட்டும். இரண்டு நிறத்தில் இரண்டு பீப்பாய், அந்த அம்மாவின் கையளவுக்கு வாங்கிய கையுறை, ஒரு குழாய், அவ்வளவுதான் கேட்க வேண்டியது. 38 வீடு பகிர்ந்துகொண்டால் வீட்டுக்கு எவ்வளவு ஆகிவிடும்? இது தர்மம் என்று யாராவது சொன்னால், நாம் கொடுக்க வேண்டிய பாக்கி என்று அவர் அந்தக் கூட்டத்திலேயே திருத்த வேண்டும்.

பிறகு எதிர்வீட்டுக்குப் போங்கள். 32 வீட்டையும் ஒரேயடியாகத் திருத்தக் கிளம்பாதீர்கள், எதிர்வீடு ஒன்று போதும். தனியாகப் போனால் பாடம் நடத்த வந்திருக்கிறாள் என்று நினைப்பார்கள். அத்தையை அழைத்துக்கொண்டு போங்கள். உங்கள் தொட்டியில் மட்கிய உரத்தில் இரண்டு கிலோ எடுத்துக் கொடுங்கள். அதில் இருக்கும் நுண்ணுயிரே புதுத் தொட்டிக்கு உறைமோர் போல வேலை செய்யும். காய்கறித் தோலுக்கு மேல் காய்ந்த சருகோ தென்னை நார்க்கழிவோ தாராளமாகத் தூவினால் வாடை வராது, புழு வைக்காது என்பதை அத்தையே அவர்கள் பால்கனியில் நின்று காட்டட்டும். மூன்று மாதம் கழித்து நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்று வெட்கப்படாமல் கேளுங்கள். அந்த நான்கு கிலோ அடுத்த இரண்டு வீட்டுக்குப் போகும்.

2024 ஏப்ரலில் வெள்ளலூர்க் குப்பைக் கிடங்கு நாள்கணக்கில் எரிந்தது உங்களுக்கு நினைவிருக்கும். கலந்து கொட்டிய ஈரக்குப்பை அடியில் காற்றில்லாமல் அழுகும்போது மீத்தேன் உண்டாகிறது, கிடங்கில் தீ பிடிப்பதற்கும் அணையாமல் கனன்றுகொண்டிருப்பதற்கும் அது ஒரு முக்கியக் காரணம். சிங்காநல்லூருக்கும் வெள்ளலூருக்கும் தூரம் அதிகமில்லை. உங்கள் 38 வீட்டு ஈரக்குப்பை அங்கே போகாமல் நின்றால் அந்தக் கிடங்கைச் சுற்றிக் குடியிருக்கும் குழந்தைகளுக்கு அது நேரடியான உதவி. அதனால்தான் இவ்வளவு கண்டிப்பாக எழுதுகிறேன்.

வீடியோவை எப்படி எடுப்பது என்று இப்போது என்னிடம் கேட்காதீர்கள். ஒரு மாதம் கழித்து அந்த அம்மா சம்மதித்தால் அவர் கைகளையும், பையில் வந்த சில்லுகளையும் படம்பிடியுங்கள். அவர் நேரத்துக்கு உரிய பணத்தை முதலில் கொடுங்கள், முகத்தைக் காட்ட வேண்டாம் என்றால் காட்டாதீர்கள். சம்மதிக்கவில்லை என்றால் அந்த வீடியோ வேண்டாம். அதற்கு முன்னால், கீழே ஒன்றாகத்தான் கொட்டுகிறார்களா என்ற கேள்விக்கு அவர் என்ன பதில் சொன்னார் என்பதை எனக்கு எழுதுங்கள்.