பொத்தான் மட்டும் உங்களுடையது

வணக்கம் சார்,

உங்கள் கட்டுரைகளைச் சில ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். கடிதம் எழுதுவது இதுதான் முதல் முறை. எனக்கு வயது 41. ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. படித்தது வணிகவியல். பள்ளி நாட்களிலிருந்தே கதை எழுதவேண்டும் என்ற ஆசை உண்டு. கணினியில் பாதியில் நிற்கும் கதைகள் நிறைய இருக்கின்றன; ஒரு நாவலின் தொடக்க அத்தியாயங்களும் இருக்கின்றன. நண்பர்களிடம் காட்டினால் ‘உன் மொழி நன்றாக இருக்கிறது’ என்கிறார்கள். ஆனால் எதையும் என்னால் முடிக்க முடிவதில்லை.

எழுத்தாளர் ஆவதற்கு உண்மையில் என்னதான் வேண்டும்? அது பிறவியிலேயே வரவேண்டியதா? இலக்கியப் படிப்போ பயிற்சி வகுப்போ அவசியமா? ஓராண்டு வேலையை விட்டுவிட்டு முழுமூச்சாக உட்கார்ந்தால்தான் நடக்குமா? (அதற்கான சேமிப்பு இருக்கிறது.) வயது கடந்துவிட்டதோ என்றும் தோன்றுகிறது. பதிப்பகத்துக்கு அனுப்பினால் என் கதையை வேறு யாராவது எடுத்துக்கொண்டுவிடுவார்களோ என்ற பயம் வேறு. ஒரு கதையின் முதல் பத்தியைக் கீழே தருகிறேன். இன்னும் மூன்று கதைகள் இணைப்பில் இருக்கின்றன, மூன்றும் பாதியில் நிற்பவைதான். எனக்கு எழுத வருமா என்று மட்டுமாவது சொல்லுங்கள்.

“அந்திச் சூரியன் தன் பொன்னிறக் கதிர்களை அள்ளி வீசிக்கொண்டிருந்தது. அவள் மனதில் இனம்புரியாத சோகம் குடிகொண்டிருந்தது. கணவனின் சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்துப் பெட்டியில் வைத்தாள். ஒரு சட்டையில் பொத்தான் அறுந்திருந்தது. ஊசியும் நூலும் தேடி எடுத்து அதைத் தைத்தாள். இனி அந்தச் சட்டையை யாரும் அணியப்போவதில்லை என்று நினைத்தபோது அவள் இதயம் கனத்தது.”

அன்புடன்,
கே.

*

அன்புள்ள கே.,

பத்தியிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் மற்ற கேள்விகளுக்குப் பொதுவான பதில்கள் உண்டு, அவை எங்கும் கிடைக்கும்.

முதல் இரண்டு வாக்கியங்களை நீங்கள் எழுதவில்லை. இதுவரை வாசித்த தொடர்கதைகள் எல்லாம் சேர்ந்து உங்கள் கையைப் பிடித்து எழுதியிருக்கின்றன. அந்தி என்றதும் பொன்னிறம் ஓடிவந்து நிற்கிறது. சோகம் என்றதும் ‘இனம்புரியாத’ முன்னால் வந்து ஒட்டிக்கொள்கிறது. இத்தனைக்கும் அது பொய். அந்தச் சோகத்தின் இனம் அவளுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்: கணவன் இறந்துவிட்டான். சூரியனும் அப்படித்தான். அவள் வீட்டுக்குள் பெட்டியின் முன் குனிந்து உட்கார்ந்திருக்கிறாள். கதிர்களைப் பார்த்துக்கொண்டிருப்பது யார்?

பிறகு பொத்தான் வருகிறது. அங்கே நிமிர்ந்து உட்கார்ந்தேன். இனி யாரும் போடப்போகாத சட்டைக்கு ஒருத்தி பொத்தான் தைக்கிறாள். ஏன் தைக்கிறாய் என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. ஆனால் படிப்பவருக்கு அது உண்மை என்று உடனே தெரிந்துவிடுகிறது. அதை நீங்கள் எங்கோ பார்த்திருக்கவேண்டும், அல்லது உள்ளே போய்க் கண்டெடுத்திருக்கவேண்டும். இரவல் வாங்கியதாகத் தெரியவில்லை.

ஆனால் வந்த வேகத்திலேயே அதைத் தாண்டிப் போய்விட்டீர்கள். எந்தப் பொத்தான்? கழுத்தருகே உள்ளதா, மணிக்கட்டிலா, வயிற்றுப் பக்கமா? அதே நிறத்தில் நூல் இருந்ததா, கைக்கு அகப்பட்டதைக் கோத்தாளா? தைத்து முடித்ததும் கத்தரி தேடினாளா, பல்லால் கடித்து அறுத்தாளா? இவ்வளவையும் எழுதச் சொல்லவில்லை, எழுதினால் பத்தி தாங்காது. உங்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும், அவ்வளவுதான். பக்கத்தில் ஒன்று வந்தால் போதும். வயிற்றுப் பக்கத்துப் பொத்தான் என்று எழுதினால், அவர் கொஞ்சம் பருத்த மனிதர் என்பது தனியாகச் சொல்லாமலே தெரிந்துவிடும். உயிரோடு இருந்த ஒருவர் கதைக்குள் வந்துவிடுவார்.

கடைசி வாக்கியம்தான் சிக்கல். ‘இதயம் கனத்தது’ போகவேண்டும், அதில் பேச்சே இல்லை. ஆனால் ‘இனி யாரும் அணியப்போவதில்லை’ என்பதையும் சேர்த்து வெட்டினால், கணவன் வெளியூர் கிளம்புகிறான், மனைவி பெட்டி அடுக்குகிறாள் என்று வாசகர் நினைத்துவிடுவார். அந்தச் செய்தியை எங்காவது வைத்தாகவேண்டும். நானாக இருந்தால் பெட்டி எங்கே போகிறது என்பதில் வைப்பேன். சட்டைகளை வாங்கிக்கொள்ள யாரோ வருகிறார்கள். நாளை வருவதாகச் சொன்னவர் இன்றே வந்து வாசலில் நிற்கிறார். அவள் கையில் ஊசி இருக்கிறது, தையல் பாதியில் இருக்கிறது. இப்போது அவள் ஏதாவது செய்தாகவேண்டும், நீங்களும் எழுதியாகவேண்டும்.

எதையும் முடிக்க முடியவில்லை என்று எழுதியிருந்தீர்களே, அதற்கான காரணமும் இந்த வாக்கியத்திலேயே இருக்கிறது என்று சந்தேகப்படுகிறேன். இதயம் கனத்துவிட்டால் பத்தி முடிந்துவிடுகிறது. அவள் உணர்ந்ததை நீங்களே சொல்லித் தீர்த்துவிட்டீர்கள். அதற்குமேல் அவளுக்கு அந்த வீட்டில் வேலை இல்லை. பாதியில் நிற்கும் மற்றக் கதைகளையும் எடுத்துப் பாருங்கள். நின்றுபோன இடத்துக்கு முந்தைய வரியில் யாருடைய மனமாவது கனத்தோ உடைந்தோ கிடக்கும்.

சரி, எழுத்தாளர் ஆக என்ன வேண்டும்? மேலே உங்கள் பத்திக்கு நான் செய்ததை உங்கள் பக்கங்களுக்கு நீங்களே செய்யத் தெரியவேண்டும். ஆர்வம், நிறைய வாசித்திருப்பது, நல்ல மொழி எல்லாம் வேண்டியவைதான். அவை உள்ளவர்கள் ஏராளமாக இருக்கிறார்கள். தான் எழுதியதை முன்பின் தெரியாத ஒருவர் எழுதியதுபோல எடுத்துப் படித்து, எது இரவல், எது பொய், எது தன்னுடையது என்று பிரிக்க முடிந்தவர்கள் மிகக் குறைவு. அதற்கு நீங்கள் ஏற்கெனவே பாதி பழகியவர். கணக்கு நேராகவில்லை என்றால் எந்தப் பதிவில் பிழை என்று வரிவரியாகத் தேடிப்போவது உங்களுக்கு அன்றாட வேலை. அதே கண்ணை உங்கள் கதைமேல் வைப்பதற்குத்தான் மனம் வராது, ஏனென்றால் அங்கே எல்லா வரியும் பிள்ளைபோல் தெரியும்.

தினமும் எழுது என்று உபதேசம் செய்பவர்கள் ஆண்டனி டிராலப்பை இழுத்து வருவார்கள். 19-ஆம் நூற்றாண்டின் ஆங்கில நாவலாசிரியர். 1834-இல் லண்டனில் அஞ்சல் துறையில் எழுத்தராகச் சேர்ந்து 1867 வரை அந்தத் துறையிலேயே இருந்தபடி எழுதினார். மொத்தம் 47 நாவல்கள். அதிகாலை ஐந்தரைக்கு மேசையில் உட்கார்ந்துவிடுவார். கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு கால் மணி நேரத்துக்கு 250 சொல் என்று கணக்கு. அவர் இறந்த பின் 1883-இல் வெளிவந்த தன்வரலாற்றில் இதை அவரே சொல்கிறார். இந்த 250 எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அதையொட்டி அவர் சொல்லும் இன்னொன்றை ஏனோ விட்டுவிடுகிறார்கள். உட்கார்ந்ததும் முதல் அரை மணி நேரம் அவர் எதுவும் எழுதமாட்டார். முந்தைய நாள் எழுதியதைப் படிப்பார். சொற்களின் ஓசையைக் காதால் நிறுத்துப் பார்ப்பார். நேரமில்லை என்பவர்கள் முதலில் வெட்டுவது அந்த அரை மணியைத்தான். சித்திரமும் கைப்பழக்கம் என்பது சரிதான், ஆனால் பழகிய கை ஆளில்லாமலே ஓடும். உங்கள் பொன்னிறக் கதிர்கள் அப்படி ஓடியபோது விழுந்தவை.

ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். முந்தைய நாளுக்கு மட்டும் திரும்புங்கள். கதை முடியும்வரை முதல் பத்திக்குப் போகாதீர்கள், மேலே நான் சொன்ன திருத்தங்களைச் செய்வதற்காகக்கூட. முதல் பத்தியையே இழைத்துக்கொண்டிருப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. பல பேர் அதிலேயே ஆயுளைக் கழிக்கிறார்கள். முடிந்த பிறகு சில வாரம் கிடப்பில் போடுங்கள், பிறகு அச்செடுத்து வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு இடறும் இடத்தைத் திருத்தவேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். நாக்கு வழுக்கிக்கொண்டு போகும் இடத்தையும் சந்தேகப்படுங்கள். பெரும்பாலும் அது ஊரார் வாக்கியமாக இருக்கும்.

பிறவித் திறமை பற்றி. 1886-இல் ரஷ்ய எழுத்தாளர் செகாவுக்கு 26 வயது. மருத்துவர். குடும்பத்தைத் தாங்குவதற்காக நகைச்சுவை இதழ்களுக்குப் புனைபெயரில் குட்டிக் கதைகளை எழுதித் தள்ளிக்கொண்டிருந்தார். அந்த மார்ச் மாதம் திமித்ரி கிரிகரோவிச் என்ற மூத்த எழுத்தாளர், முன்பின் பழக்கமில்லாதவர், அவருக்குக் கடிதம் போடுகிறார். உங்களிடம் அசலான திறமை இருக்கிறது, தயவுசெய்து அவசர எழுத்தை நிறுத்துங்கள் என்பது அதன் சாரம். செகாவ் ஆடிப்போய்ப் பதில் எழுதுகிறார். ஒரு நாளுக்கு மேல் செலவிட்ட கதை ஒன்றுகூடத் தனக்கு நினைவில்லை, நீங்கள் பாராட்டிய கதையைக் குளியல் கூடத்தில் வைத்து எழுதினேன் என்கிறார். அதன்பின் எழுதும் எண்ணிக்கை குறைந்தது. 1888-இல் ரஷ்யாவின் இலக்கியப் பரிசான புஷ்கின் பரிசு வந்தது. செகாவைவிடப் பெரிய பிறவித் திறமையைக் காட்டுவது கடினம். அவரிடமே அது அரைகுறை அவசரத்தில் வீணாகிக்கொண்டிருந்திருக்கிறது. ஆகவே உங்களிடம் திறமை இருக்கிறதா என்ற விசாரணையைக் கைவிடுங்கள். இருக்கிறது என்றாலும் இல்லை என்றாலும் நாளைக் காலை செய்யவேண்டிய வேலை ஒன்றுதான்.

வேலையை விடாதீர்கள். சேமிப்பு கரையும் பயம் வாக்கியத்தில் ஏறும். பத்தாவது மாதம் கதையை எப்படியாவது முடித்துவிடப் பார்ப்பீர்கள். ஜெர்மன் மொழியில் எழுதிய காஃப்கா 1908 முதல் 1922 வரை பிராகில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் இருந்தார். மதியம் இரண்டு மணிக்கு அலுவலகம் முடியும், இரவில் எழுதுவார். புலம்பிக்கொண்டேதான் எழுதினார். புலம்ப உங்களுக்கும் உரிமை உண்டு.

இலக்கியப் பட்டம் தேவையில்லை. பயிற்சி வகுப்பால் ஒரே ஒரு பெரிய பயன்: உங்களைத் தெரியாத பத்துப் பேர் உங்கள் கதையைத் தப்பாகப் புரிந்துகொள்வதை நேரில் உட்கார்ந்து கேட்கலாம். வயது ஒரு பொருட்டே இல்லை. ஆங்கில நாவலாசிரியர் பெனலபி ஃபிட்ஸ்ஜெரால்டின் முதல் புத்தகம் 1975-இல் வந்தபோது அவருக்கு 58 வயது. 1979-இல் புக்கர் பரிசு பெற்றார்.

நண்பர்களிடம் ‘எப்படி இருக்கிறது’ என்று கேட்காதீர்கள். நல்ல நண்பர்கள் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். படிக்கும்போது எந்த வரியில் கைபேசியை எடுத்தார்கள் என்று கேளுங்கள். செயற்கை நுண்ணறிவுச் செயலியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் இப்போது பலரும் கேட்பதால்: எழுத்துப்பிழை பார்க்கட்டும். பொத்தான் பக்கம் வந்தால் கையைத் தட்டிவிடுங்கள்.

திருட்டுப் பயம் எல்லாப் புது எழுத்தாளருக்கும் வரும். பதிப்புரிமை பற்றிய பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்திருக்கும் நாடுகளில், அதாவது உலகின் பெரும்பாலான நாடுகளில், ஒரு படைப்பை எழுதிவிட்டாலே பதிப்புரிமை எழுதியவருக்கு வந்துவிடும். எங்கும் பதிவு செய்யவேண்டிய கட்டாயமில்லை. அந்த உரிமை நீங்கள் எழுதிய வடிவத்துக்குத்தான், கருவுக்கு இல்லை. இறந்த கணவனின் துணிகளை மடிக்கும் மனைவி யாருக்கும் சொந்தமில்லை. பயப்படவேண்டிய இடம் ஒப்பந்தம். பதிப்புரிமையை முழுசாக எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு ஆகியவற்றில் எதைக் கொடுக்கிறீர்கள், எத்தனை ஆண்டுக்கு என்று படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். அச்சுச் செலவை உங்களிடமே கேட்கும் பதிப்பகம் விற்பது ஒரு சேவை. வேண்டுமானால் வாங்கிக்கொள்ளலாம், தப்பில்லை. யாரோ உங்கள் கதையைப் படித்துத் தேர்ந்தெடுத்தார்கள் என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இணைப்பில் இருந்த மூன்று கதைகளையும் திறக்கவில்லை. பாதிக் கதைகளைப் படித்துக் கருத்துச் சொல்வதில்லை, சொன்னால் மீதியை நான் எழுதியதுபோல் ஆகிவிடும். ஏதாவது ஒன்றை முடித்துவிட்டு அனுப்புங்கள், படிக்கிறேன். பதில் வரத் தாமதமாகும்.

அன்புடன்.