வேப்பிலைத் தட்டில் இரண்டாம் நாளே கறுப்புப் பூசணம்: இது உள்வாழ் பூஞ்சையா?

பெரும்பாலும் இல்லை. இலைக்குள்ளேயே தீங்கின்றி வாழும் பூஞ்சையைப் பிரித்தெடுக்க இலைத்துண்டு வைத்த பிடிஏ (உருளைக்கிழங்கு–டெக்ஸ்ட்ரோஸ் அகர் என்ற வளர்ப்பு ஊடகம்) தட்டு இரண்டே நாளில் கறுப்புத் தூளாக மூடிக்கொண்டது என்கிறீர்கள். அது இலையின் மேலே ஒட்டியிருந்த ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூசணத்தின் வித்துகள் முளைத்ததாக இருக்கும். உள்ளே வாழ்பவை பொதுவாக நாலைந்து நாள் கழித்துத்தான், வெட்டுவாயிலிருந்து மெல்லிய வெள்ளை இழைகளாக எட்டிப் பார்க்கும்.

இலையின் மேற்பரப்பைக் கிருமிநீக்கப் பயன்படும் குளோரின் கரைசலான ஹைப்போகுளோரைட்டைத்தான் முதலில் சந்தேகிப்பேன். திறந்து மாதக்கணக்கான பாட்டிலில் குளோரின் வீரியம் குறைந்துவிடும், லேபிள் என்ன சொன்னாலும். புதிய பாட்டிலில் செய்து பாருங்கள்:

1. இலையைக் கழுவி, முழுசாகவே 70% எத்தனாலில் 1 நிமிடம்.
2. 2% குளோரின் உள்ள ஹைப்போகுளோரைட்டில் 2–3 நிமிடம். மெழுகுப் பூச்சில் கரைசல் பரவ ட்வீன் 20 (சோப்பு போன்ற பொருள்) ஒரு துளி.
3. மறுபடி எத்தனால் 30 விநாடி, கிருமிநீக்கிய நீரில் மூன்று அலசல்.
4. அதன் பிறகே 5 மி.மீ. துண்டுகளாக வெட்டுங்கள். முதலிலேயே வெட்டினால் கரைசல் வெட்டுவாய் வழியே ஏறி, நீங்கள் தேடுவதையே கொன்றுவிடும்.

மேற்பரப்பு சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க, வெட்டும் முன் அந்த இலையை வெறும் பிடிஏ தட்டில் ஒரு நிமிடம் அழுத்தி எடுங்கள். கடைசி அலசல் நீரில் 100 மைக்ரோலிட்டரை இன்னொரு தட்டில் பரப்புங்கள். 25–28 டிகிரியில் ஒரு வாரம் இரண்டும் சுத்தமாக இருந்தால்தான் மற்ற தட்டுகளை நம்பலாம்.

ஆனால் ஆஸ்பெர்ஜில்லஸ் என்பதற்காகவே ஒன்றைத் தூக்கி எறியாதீர்கள். அதில் சில இனங்கள் உண்மையிலேயே இலைக்குள்ளும் வாழ்கின்றன. ஒற்றிய தட்டு சுத்தமாக இருந்தும் துண்டிலிருந்து அது வந்தால் வைத்துக்கொள்ளுங்கள். எதுவுமே வளராவிட்டால் ஹைப்போகுளோரைட் நேரத்தை அரை நிமிடம் குறையுங்கள்.

இப்போதுள்ள கறுப்புத் தட்டைத் திறக்கவே வேண்டாம், அப்படியே ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கலன்) போடுங்கள்.