எடைப்பிரிவைப் பல ஆண்டுகள் ஆளக்கூடிய குத்துச்சண்டை வீரர் யார்?

யாழ்ப்பாணத்தில் என்னிடம் பயிலும் பிள்ளைகள் கேட்டாலும் தயங்காமல் அமெரிக்காவின் ஜெஸி ரொட்ரிகஸ் என்றே சொல்வேன். 2000ஆம் ஆண்டு பிறந்தவர், இடக்கை வீரர். 2024 ஜூனில், 115 இறாத்தல் பிரிவில் மெக்சிகோ வீரர் எஸ்ட்ராடாவுடன் மோதினார். நமக்கு அது ஞாயிறு காலை. ஆறாம் சுற்றில் ரொட்ரிகஸ் கீழே விழுந்தார். எழுந்தவர் பதறவே இல்லை. ஏழாம் சுற்றில் இடக்கையால் விலாவில் இறக்கிய ஒரே குத்து, எஸ்ட்ராடாவால் எழ முடியவில்லை! அடி வாங்கியும் நிதானம் இழக்காதவர்தான் நீடிப்பார்.

ஜப்பானின் நவோயா இனோவே இவரைவிடப் பெரிய வீரர், சந்தேகமில்லை. 2022இலும் 2023இலும் இரு பிரிவுகளின் பட்டங்கள் அனைத்தையும் வென்றவர். ஆனால் அவர் பிறந்தது 1993இல். சிறிய எடைப்பிரிவுகளில் வேகம்தான் மூலதனம்; முப்பதைத் தாண்டினால் முதலில் குறைவதும் அதுவே.