பிரதமரோ எம்பியோ ஆகாத, உள்ளூர் அளவுலயே வேலை செஞ்ச ஒரு பிரிட்டிஷ் அரசியல்வாதி பத்தி சொல்ல முடியுமா?

யோசிக்கவே வேண்டாம், என்னோட பதில் ஏடா சால்ட்டர். லண்டன்ல தேம்ஸ் ஆத்துக்கு தென்கரையில பெர்மண்ட்சின்னு ஒரு ஏரியா இருக்கு, அங்க கவுன்சிலரா இருந்து மேயரானவங்க. ஒரு கவுன்சிலர் நெனச்சா ஒரு ஊரை எவ்வளவு தூரம் மாத்த முடியும்னு யார் கேட்டாலும் நான் இவங்க கதையைத்தான் சொல்வேன்.

பொறந்தது 1866ல, நார்த்தாம்ப்டன்ஷயர்ல ராண்ட்ஸ்ங்கிற சின்ன ஊர்ல. முப்பது வயசு வாக்குல ஏழைங்களுக்கு சேவை பண்ணனும்னு லண்டன் வந்து ஏழைங்க நடுவுலயே தங்கி சேவை பண்ற பெர்மண்ட்சி செட்டில்மென்ட்ங்கிற அமைப்புல சேர்ந்தாங்க. அப்போ பெர்மண்ட்சின்னா தோல் பதனிடுற தொட்டிங்க, பிஸ்கட் ஃபேக்டரி, ஜாம் ஃபேக்டரி, கப்பல்ல சரக்கு ஏத்தி இறக்குற துறைங்க, நடுவுல வெளிச்சம் காத்து எதுவும் இல்லாத நெருக்கடியான வீடுங்க. ஃபேக்டரில வேலை பாக்குற பொண்ணுங்களுக்கு கிளப் நடத்துறதுதான் ஏடாவோட வேலை. அங்கதான் ஆல்ஃப்ரெட் சால்ட்டர்னு ஒரு டாக்டர பாத்தாங்க. கைஸ் ஹாஸ்பிட்டல்ல படிச்ச பெரிய கெட்டிக்காரர், நெனச்சிருந்தா பெரிய இடத்துல பிராக்டிஸ் பண்ணியிருக்கலாம். 1900ல கல்யாணம் ஆனதும் ரெண்டு பேரும் பெர்மண்ட்சியிலயே வீடு எடுத்து தங்கிட்டாங்க, அவர் ஆறு பென்ஸ் ஃபீஸ் வாங்கி வைத்தியம் பாத்தார், அதுவும் இல்லாதவங்களுக்கு ஃப்ரீ.

1902ல ஜாய்ஸ்னு ஒரு பொண்ணு பொறந்தா. ஒரே பிள்ளை. இங்க வாழறதுன்னா எல்லாரையும் மாதிரிதான் வாழணும்னு அவளை வெளியூர் ஸ்கூலுக்கு அனுப்பாம அக்கம்பக்கத்து பிள்ளைங்க போற ஸ்கூலுக்கே அனுப்பினாங்க. 1910ல ஸ்கார்லெட் ஃபீவர்ங்கிற தொத்துக் காய்ச்சல் வந்து எட்டு வயசுல அந்தக் குழந்தை செத்துப்போச்சு. இதை எத்தன தடவ படிச்சாலும் எனக்கு மனசு ஆறல. அதுக்கப்புறமும் அந்த ஊரை விட்டு போகலைங்க. அடுத்த வருஷம், 1911 ஆகஸ்ட்ல, பெர்மண்ட்சி ஃபேக்டரிகள்ல இருந்து ஆயிரக்கணக்கான பொண்ணுங்க கூலி பத்தலன்னு வேலைய போட்டுட்டு ரோட்டுக்கு வந்தப்போ, தொழிற்சங்கத் தலைவி மேரி மெக்கார்தர் கூட நின்னு, ஸ்ட்ரைக் பண்றவங்க வீட்டுக்கெல்லாம் சாப்பாடு போய் சேர ஏற்பாடு பண்ணது ஏடாதான். நெறய ஃபேக்டரில கூலிய ஏத்தி குடுத்தாங்க.

அரசியல்னு பாத்தா புருஷனுக்கு முன்னாடியே தெளிவா இருந்தவங்க. மொதல்ல லிபரல் கட்சியில இருந்தாங்க, பெண்களுக்கு ஓட்டுரிமை விஷயத்துல அந்தக் கட்சி கைவிட்டுச்சுன்னு 1906ல வெளிய வந்து, லேபர் கட்சியோட சேர்ந்து இயங்கின இண்டிபெண்டன்ட் லேபர் கட்சில சேர்ந்தாங்க, அந்த நேரத்துல புருஷன் லிபரல் உறுப்பினரா, லண்டன் முழுக்குக்கும் பொதுவான லண்டன் கவுண்டி கவுன்சில்ல இருந்தார், அவர் பின்னாடிதான் இவங்க வழிக்கு வந்தார். 1909ல பெர்மண்ட்சியோட முதல் பெண் கவுன்சிலர். பார்லிமெண்ட் தேர்தல்ல பெண்களுக்கு ஓட்டே கிடையாத காலம் அது, கொஞ்ச பேருக்காவது அது கெடைச்சது 1918லதான்.

1922 நவம்பர்ல லேபர் கட்சி பெர்மண்ட்சி கவுன்சில புடிச்சதும் ஏடாவை மேயராக்கினாங்க. லண்டன்லயே முதல் பெண் மேயர், லேபர் கட்சிக்கு பிரிட்டன்லயே முதல் பெண் மேயர். மேயர் அங்கியும் சங்கிலியும் வேண்டாம்னுட்டாங்க. அதே மாசம் ஆல்ஃப்ரெட் எம்பியா ஜெயிச்சு பார்லிமெண்ட் போனார். ஆனா பெர்மண்ட்சி தெருவுல இன்னைக்கும் கண்ணுக்கு தெரியுற மாற்றத்துல பெரும்பங்கு ஏடாவோடதுன்னுதான் நான் சொல்வேன்.

1920லயே கவுன்சில்ல ஊரை அழகுபடுத்தறதுக்குன்னு ஒரு கமிட்டி போட வச்சு அதை முன்னால நின்னு நடத்தினாங்க. சாப்பாட்டுக்கே வழியில்லாத இடத்துல பூச்செடி எதுக்குன்னு தோணும். ஏடா அப்படி பாக்கல, ஏழைங்களுக்கு சோறு மட்டும் போதும்னு நெனைக்கிறதே அவங்களை மட்டம் தட்டுறதுங்கிறது ஏடாவோட வாதம். தெருவெல்லாம் மரம் நட்டாங்க, மொத்தம் 9,000 மரம்னு கணக்கு. பழைய சர்ச் கல்லறை இடங்களை பிள்ளைங்க விளையாடற இடமா மாத்தினாங்க. லண்டனுக்கு தென்கிழக்குல இருக்கிற கென்ட் பக்கம் சால்ட்டர் தம்பதி முதல் உலகப்போர் சமயத்துல வாங்கின ஃபேர்பி கிரேன்ஜ்ங்கிற பெரிய வீட்டை பிரசவம் ஆன பெர்மண்ட்சி அம்மாக்கள் போய் ஓய்வெடுக்க குடுத்துட்டாங்க, ஊருக்கு வேண்டிய செடிகளும் அங்கேயே வளர்ந்துச்சு.

வீட்டு விஷயத்துல கொஞ்சம் வருத்தம்தான். வில்சன் குரோவ்ல சேரிய இடிச்சுட்டு தோட்டத்தோட 54 தனி வீடு கட்டினாங்க, 1928ல முடிஞ்சது, இப்பவும் பாக்க அவ்வளவு நல்லா இருக்கும். ஆனா அங்க முன்ன இருந்த ஜனம் அத்தன பேருக்கும் அந்த மாதிரி வீடு குடுக்க இடம் பத்தல, அதனால அதுக்கப்புறம் கவுன்சில் அடுக்குமாடி பக்கம் போக வேண்டியதாச்சு. ஊர் முழுக்க தோட்ட வீடுங்கிற ஏடாவோட ஆசை அதோட நின்னுபோச்சு.

1925ல லண்டன் கவுண்டி கவுன்சிலுக்கு ஹாக்னி சவுத் தொகுதில இருந்து போனாங்க. 1934ல ஹெர்பர்ட் மோரிசன் தலைமையில லேபர் அங்க ஜெயிச்சப்புறம் பார்க் கமிட்டியில இருந்துகிட்டு, லண்டனை சுத்தி கட்டடம் கட்டாம பச்சையா விட்டு வைக்கணும்ங்கிற கிரீன் பெல்ட் திட்டத்துக்காக உழைச்சாங்க. போருக்கு எதிரான கொள்கைய கடைசி வரைக்கும் விடல. 1942 டிசம்பர்ல காலமானாங்க.

லண்டன் போறவங்க ஜூபிலி லைன்ல பெர்மண்ட்சி ஸ்டேஷன்ல இறங்கி ஆத்தங்கரைக்கு நடங்க. அங்க ஆல்ஃப்ரெட், ஜாய்ஸ், அவ பூனை சிலையெல்லாம் முன்னாடியே இருந்துச்சு, ஏடாவுக்கு மட்டும் சிலை இல்ல. 2011ல ஆல்ஃப்ரெட் சிலைய யாரோ திருடிட்டு போனப்புறம் ஊர் ஜனங்க பணம் திரட்டி, 2014ல புதுசா செஞ்சப்போ ஏடாவுக்கும் சேர்த்து வச்சாங்க, கையில மண்வெட்டியோட. பக்கத்துல சதர்க் பார்க்ல அவங்க பேர்ல ரோஜா தோட்டமும் இருக்கு, ஜூன் மாசம் போனா பூ நல்லா இருக்கும்.