பி மதிப்பு 0.08: ப்ராஜெக்ட் சென்டருக்குப் பணம் கட்டலாமா?

கேள்வி: எம்.எஸ்சி. உளவியல் இறுதியாண்டு படிக்கிறேன். சமூக ஊடகத்தில் செலவழிக்கும் நேரத்துக்கும் சுயமதிப்புக்கும் தொடர்பு உண்டா என்று 60 மாணவர்களிடம் ரோசன்பர்க் வினாத்தாள் கொடுத்துப் பார்த்தேன். ஒட்டுறவு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று -1 முதல் +1 வரை காட்டும் எண்) -0.23, பி மதிப்பு 0.08. 'பி மதிப்பு 0.05-க்குக் கீழே இறங்கி சிக்னிஃபிகன்ட் வராவிட்டால் வைவாவில் மாட்டிக்கொள்வாய்' என்கிறார் கைடு. கல்லூரி எதிரே உள்ள ப்ராஜெக்ட் சென்டரில் 8,000 ரூபாய் கொடுத்தால் வர வைத்துத் தருவதாகச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?
- வாசகி, திருச்சி

பதில்: கொடுக்காதீர்கள். அவர்கள் எப்படி வர வைப்பார்கள் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

உங்கள் 60 வரிகளையும் நகலெடுத்து கீழே ஒட்டி 120 ஆக்குவார்கள். ஒட்டுறவு -0.23 அப்படியே இருக்கும், பி மதிப்பு மட்டும் 0.01-க்கு இறங்கிவிடும். ஒரு புதிய மாணவரைக்கூட யாரும் சந்தித்திருக்க மாட்டார்கள். டேட்டாவை வயது வாரியாக வரிசைப்படுத்திப் பார்க்கும் தேர்வாளர், ஒவ்வொருவரும் இரட்டைப் பிறவியாக நிற்பதை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். அப்போது அங்கே உட்கார்ந்திருக்கப்போவது நீங்கள்தான்.

இன்னொரு வழி, கூறு போடுவது. ஆண், பெண், விடுதி, வீடு, கலை, அறிவியல் என்று பிரித்துப் பிரித்துச் சோதித்து, 0.05-க்குக் கீழே வந்ததை மட்டும் அச்சடித்துக் கொடுப்பார்கள். தொடர்பே இல்லாத விஷயங்களில் தனித்தனியாக 20 சோதனை செய்தாலும், ஒன்றாவது தற்செயலாக 'சிக்னிஃபிகன்ட்' ஆக 64 சதவீத வாய்ப்பு உண்டு. இதை ஆராய்ச்சி என்று சொல்லி மாணவர்களிடம் காசு பிடுங்குவதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

0.08 என்பது தோல்வி மதிப்பெண் அல்ல. உண்மையில் தொடர்பே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், 60 பேரை எடுத்தால் இந்த அளவோ இதைவிட வலுவாகவோ ஒட்டுறவு தென்பட 100-க்கு 8 முறை வாய்ப்பு உண்டு என்பதே அதன் பொருள். 0.05 என்ற எல்லைக்கோடு, 1925-இல் புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் தம் நூலில் வசதிக்காகச் சொன்னது. அதைத்தான் நம் துறைகள் சாமி வாக்காகப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. விளைவு என்ன? உளவியலில் வெளியான 100 ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்து 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். மூல ஆய்வுகளில் 97 சதவீதம் 'சிக்னிஃபிகன்ட்'. மறுபடி செய்தபோது 36 சதவீதம்தான் அப்படி வந்தது.

உங்கள் சிக்கல் சாம்பிள் அளவில் இருக்கிறது. 0.3 அளவுள்ள ஒட்டுறவையே 80 சதவீத உறுதியோடு பிடிக்க ஏறக்குறைய 85 பேர் வேண்டும், 0.2 என்றால் 194 பேர். இதைத் தலைப்பு கொடுத்த அன்றே சொல்லியிருக்க வேண்டும். ஜனவரியில் தலைப்பு, மார்ச்சில் பைண்டிங் என்று ஓடவிட்டுவிட்டு, கடைசியில் மாணவியை பயமுறுத்துவது என்ன நியாயம்?

இப்போதும் நீங்கள் டேட்டாவில் கை வைக்கலாம், ஆனால் ஒரே ஒரு காரணத்துக்காக: பிழை திருத்தம். இதை விளக்கமாகவே சொல்கிறேன், பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். ரோசன்பர்க் வினாத்தாளில் 10 கூற்றுகள். அவற்றில் 5 எதிர்மறையானவை. வழக்கமான வரிசையில் 2, 5, 6, 8, 9. இவற்றுக்கு மதிப்பெண்ணைத் திருப்பிப் போட வேண்டும். 1 முதல் 4 வரை மதிப்பெண் என்றால், வந்ததை 5-இலிருந்து கழியுங்கள்: 4 போட்டவருக்கு 1, 3 போட்டவருக்கு 2. திருப்பாமல் கூட்டினால், தன்னை மட்டமாக நினைப்பவரும் உயர்வாக நினைப்பவரும் ஏறக்குறைய ஒரே மொத்தத்தில் வந்து நிற்பார்கள். கிரான்பாக் ஆல்ஃபா (கூற்றுகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று காட்டும் எண்) மிகக் குறைவாகவோ மைனஸிலோ வந்தால் இதைத்தான் முதலில் சந்தேகியுங்கள். 22 வயது 222 என்று பதிவாகியிருந்தால் அதையும் திருத்துங்கள். ஆனால் 60 தாளையும் சரிபாருங்கள், முடிவுக்கு இடைஞ்சலான தாள்களை மட்டும் அல்ல. திருத்திய பின் பி மதிப்பு 0.03 வந்தாலும் 0.40 வந்தாலும் அதையே எழுதுங்கள். என்ன திருத்தினீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

'இன்னும் பத்துப் பேரைச் சேர்த்துப் பார்க்கலாமா' என்று தோன்றும். பி மதிப்பைப் பார்த்துப் பார்த்து ஆள் சேர்ப்பதும் ஏமாற்றுதான், வேண்டாம்.

முடிவுகள் பகுதியில் இப்படி எழுதுங்கள்: 'ஒட்டுறவு -0.23, 95 சதவீத நம்பிக்கை இடைவெளி -0.46 முதல் +0.03 வரை, பி மதிப்பு 0.08. இந்தச் சாம்பிளை வைத்துத் தொடர்பு உண்டு என்றோ இல்லை என்றோ உறுதியாகச் சொல்ல இயலாது.' நம்பிக்கை இடைவெளி என்பது உண்மையான ஒட்டுறவு இருக்கக்கூடிய எல்லை. அதற்குள் பூஜ்யமும் இருக்கிறது, கணிசமான தொடர்பும் இருக்கிறது. எனவே 'தொடர்பு இல்லை என நிரூபிக்கப்பட்டது' என்று எழுதிவிடாதீர்கள். 'கிட்டத்தட்ட சிக்னிஃபிகன்ட்' என்பதும் கூடாது. சாம்பிள் கணக்கை ஆய்வின் வரம்புகளில் சேருங்கள்.

கணக்குப் போட ஜமோவி, ஜாஸ்ப் என்ற மென்பொருள்கள் இரண்டும் இலவசம். ஒரு மாலைப்பொழுதில் பழகிவிடலாம். வைவாவுக்குப் போகும்போது நிரப்பிய 60 தாள்களையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.